ஆறு ஞாயிறுகளுக்கு ஒரு போர்க் கோட்பாடு

சிம்மக்கல்லில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கிறோம். பதினான்கு பேர் என்பது கணக்கு. மழைக்காலத்தில் ஒன்பது, முகூர்த்த மாதங்களில் ஐந்து. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்பதால், எதைப் படிப்பது என்று முடிவு செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன பருவத்தில் நாயக்கர் காலப் பாசனம் படித்தோம். ஒரு சண்டையும் வரவில்லை. இந்தப் பருவத்துக்குப் போர் என்று முடிவானது. முடிவான நிமிடமே சண்டை வந்துவிட்டது.

கேள்வி எளிமையாகத்தான் தொடங்கியது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. நான்கே நாளில் அடங்கியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒன்று அணைந்ததும் மற்றது அணையாததும் ஏன்? உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒரு பதில் சொன்னார். பஞ்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து, சங்கத்திலும் இருந்தவர் ஒருவர் (எங்கள் எல்லோருக்கும் அவர் தோழர்தான்) வேறொன்று சொன்னார். தமிழாசிரியை சொன்னது மூன்றாவது. அரசியல் அறிவியல் முதுகலை படிக்கும் தம்பி நான்காவதை ஒரு கட்டு நகல் தாள்களோடு கொண்டு வந்தான். ஆறு ஞாயிறுகளில் நான்கையும் நுனிப்புல் மேயலாம் என்று மற்றவர்கள் சமாதானம் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கையும் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அவரவர் கொண்டு வந்த கருத்தை அவரவரே திரும்ப எடுத்துக்கொண்டு போவதாகத்தான் முடியும். ஒன்றை முதுகெலும்பாக வைத்து, மற்றவை அதை எங்கே இடிக்கின்றன என்று பார்ப்பதே படிப்பு.

எதை வைப்பது? இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டேன். மூண்ட போரை மட்டும் விளக்கினால் போதாது. அதே பகை, அதே எல்லை, அதே ஆட்கள் இருந்தும் மூளாமல் போன ஆண்டுகளையும் விளக்க வேண்டும். இது ஒன்று. அடுத்தது, தொடங்கிய போர் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். தீக்குச்சியைக் காட்டிவிட்டு, வைக்கோல் படப்பு மூன்று நாள் எரிந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லும் கோட்பாடு எனக்கு வேண்டாம்.

தமிழாசிரியை வைத்தது மனித இயல்பு. புறத்திணையிலேயே இருக்கிறதே ஐயா என்றார். ஆநிரை கவர்வது வெட்சி. மண்ணின் மேல் தீராத ஆசையால் படையெடுப்பது வஞ்சி. அந்த ஆசைக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் ‘எஞ்சா மண்நசை’. வலிமையைக் காட்டுவதே நோக்கமாக வந்து பொருதுவது தும்பை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் ஹாப்ஸ், மனிதர் சண்டையிடுவதற்கு ஆதாயம், அச்சம், புகழ் என்று மூன்று காரணம் வைத்தார். அதில் இரண்டை நம் இலக்கணம் எப்போதோ பூவின் பெயர் சூட்டி வகைப்படுத்திவிட்டது என்பது தமிழாசிரியையின் வாதம். மூன்றாவதான அச்சத்துக்கு, பயத்தால் முந்திக்கொண்டு படையெடுப்பதற்கு, நம்மிடம் தனித் திணை இல்லை. அது ஏன் என்பது தனியாக ஒரு பருவம் எடுத்துப் படிக்க வேண்டிய விஷயம்.

மனித இயல்பு வாதத்துக்கு மதுரையிலேயே ஒரு வலுவான சாட்சி உண்டு. 1650களின் கடைசியில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துச் சாக்கில் கட்டி அனுப்பியது. நோயில் கிடந்த திருமலை நாயக்கர் இராமநாதபுரம் சேதுபதியின் துணையோடு படை அனுப்பினார். அந்தப் படை மைசூர் எல்லைக்குள் போய் அங்கே மூக்குகளை அறுத்தது. மூக்கறு போர் என்றே பெயர் நின்றுவிட்டது. படையெடுப்பை முறியடித்த பிறகும் எதிரி நாட்டுக்குள் நுழைந்து மூக்கறுத்ததை லாப நட்டக் கணக்கில் எழுதிவிட முடியுமா? வஞ்சம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அதற்குப் பொருந்தாது. இதை மறக்கவில்லை, பின்னால் திரும்பி வருகிறேன்.

ஆனால் முதல் சோதனையிலேயே மனித இயல்பு விழுந்துவிடுகிறது. அதையும் மதுரையை வைத்தே காட்டலாம். இன்று காந்தி அருங்காட்சியகமாக இருக்கும் தமுக்கம் அரண்மனை இராணி மங்கம்மாளுடையது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை நாயக்க அரசை ஆண்ட அந்த அம்மையார், ஔரங்கசீப்பின் படை தெற்கே வந்தபோது கப்பம் கட்டிப் போரைத் தவிர்த்தார். திருவிதாங்கூர் கப்பம் கட்டாதபோது படை அனுப்பினார். ஒரே அரசி, ஒரே மனம், ஒரே மானம்; வடக்கே பேரம், தெற்கே போர். மனித இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கும்போது, வேறுபாட்டுக்குக் காரணத்தை அதில் எப்படித் தேடுவது? போர் மனிதனின் மரபணுவில் எழுதப்பட்ட விதி என்று சொல்வது அறிவியல் அல்ல என்று 1986இல் செவில் நகரில் கூடிய அறிவியலாளர்கள் அறிக்கையே வெளியிட்டார்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டாலும் மங்கம்மாள் போதும்.

ஹவில்தார் அண்ணன் குறைவாகப் பேசுபவர். “எல்லையில் அவன் மண்மூட்டை அடுக்கினால் நாங்களும் அடுக்குவோம். பயந்து அடுக்கினானா, பாய்வதற்கு அடுக்கினானா என்று யார் போய்க் கேட்பது?” என்றார். பல்கலைக்கழகங்கள் ‘பாதுகாப்பு இக்கட்டு’ என்று சொல்வதை ஒரு வரியில் முடித்துவிட்டார். பன்னாட்டு அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950இல் இதற்குப் பெயர் வைத்தார். அதே துறையின் ராபர்ட் ஜெர்விஸ் 1978இல் விரித்து எழுதினார். ஒருவர் தற்காப்புக்குச் செய்வது அடுத்தவர் கண்ணுக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகப் படுகிறது. அவர் பதிலுக்குச் செய்வது இவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. இதன் அடியில் கிடப்பது அத்துறையின் இன்னொரு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் அழுத்திச் சொன்ன கருத்து: நாடுகளுக்கு மேலே ஒரு நாட்டாமை இல்லை. வரப்பை வெட்டிவிட்டான் என்றால் நமக்குத் தாலுகா அலுவலகம் இருக்கிறது, சர்வேயர் சங்கிலியோடு வருவார், அதுவும் போதாவிட்டால் நீதிமன்றம். நாடுகளுக்கு மேலே தாசில்தார் கிடையாது. ஐக்கிய நாடுகள் சபைக்குச் சங்கிலி உண்டு, அளந்ததை அமல்படுத்தும் காவலர் இல்லை.

1962க்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தியாவும் உரிமை கோரும் அக்சாய் சின் வழியே சீனா 1957இல் சாலை போட்டு முடித்தது. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். திபெத்தில் இந்தியா கை வைக்கிறது என்று சீனா சந்தேகப்பட்டது. 1961 நவம்பரில் இந்தியா, தன் நிலம் என்று கருதிய இடங்களில் சிறு காவல் நிலைகளை முன்னே நகர்த்தும் கொள்கையை எடுத்தது. நமக்கு அது உரிமையைக் காப்பது, அவர்களுக்கு ஊடுருவல். 1962 அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியது. நவம்பர் 21 அன்று தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது.

இதைக் கேட்டதும் ஹவில்தாருக்கே ஆறு ஞாயிறையும் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு சங்கடம் தடுத்தது. நாட்டாமை இல்லாத நிலை என்றைக்கும் உண்டு. காற்று எந்நேரமும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. ஓலைக் கூரை என்றைக்கோ ஒருநாள்தான் தீப்பிடிக்கிறது. 1958இல் எரியாதது 1962இல் ஏன் எரிந்தது? இக்கட்டு எங்கே இறுகும், எங்கே தளரும் என்று ஜெர்விஸ் சில நிபந்தனைகள் சொல்கிறார், உண்மைதான். ஆனால் ஒரு மாதத்தில் சீனா ஏன் நிறுத்தியது, நிறுத்தியும் எல்லைத் தகராறு ஏன் தீரவில்லை என்பதற்கு அச்சம் மட்டும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது சோதனையில் அண்ணனுக்குப் பாதி மதிப்பெண்தான்.

அடுத்தது தோழர். போருக்குக் காரணத்தை எல்லையில் தேடாதே, நாட்டுக்குள்ளே தேடு என்பது அவர் கட்சி. 1902இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஹாப்ஸன், உள்நாட்டில் விற்க முடியாத சரக்கும் முடங்கிக் கிடக்கும் மூலதனமும் வெளியே நிலம் தேடுகின்றன என்று எழுதினார். லெனின் அதை 1916இல் கூர்மையாக்கி, ஏகபோக முதலாளிகள் உலகத்தைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள், இனி மறுபங்கீட்டுக்குப் போர்தான் வழி என்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்டது அது. மதுரையில் பஞ்சாலைக் கூலிக்காகப் போராடிய தலைமுறைக்கு அது புத்தகக் கோட்பாடு அல்ல, அனுபவம். கிழக்கிந்தியக் கம்பெனி தென்னாட்டில் நடத்திய போர்களை வணிகத்தை விட்டுவிட்டு விளக்க யாராலும் முடியாது. இங்கே தோழர் சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை.

மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. 1969 மார்ச்சில் எல்லை ஆறான உசூரியின் தீவு ஒன்றில் சோவியத் படையும் சீனப் படையும் சுட்டுக்கொண்டன. 1979 பிப்ரவரி 17 அன்று சீனா வியட்நாமுக்குள் நுழைந்தது. இரு பக்கமும் செங்கொடிதான். பங்குச் சந்தை எந்தப் பக்கமும் இல்லை. தோழர் இதற்கு நீண்ட பதில் சொன்னார். பதிலின் நீளமே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

நாட்டுக்குள்ளே தேடும் கோட்பாடுகளில் இன்னொரு கிளை, மக்களாட்சிகள் தமக்குள் போரிடுவதில்லை என்பது. இம்மானுவேல் காண்ட் 1795இல் குடியரசுகள் போருக்குத் தயங்கும் என்று எழுதினார். மைக்கேல் டாயில் 1983இல் அதைப் புதுப்பித்தார். 1999 பிப்ரவரியில் லாகூரில் இந்தியா, பாகிஸ்தான் இரண்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர்கள் கையெழுத்திட்டுக் கைகுலுக்கினார்கள். மே மாதத்தில் கார்கில். பாகிஸ்தானில் படைத்தளபதிகள்தான் திட்டமிட்டார்கள், அது முழு மக்களாட்சி அல்ல என்று விலக்கு சொல்லலாம். விதிக்குப் பொருந்தாதது வந்தவுடன் அதை மக்களாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கிளையை அதற்கு மேல் நான் தொடரவில்லை.

இனி தம்பியின் தாள்கட்டு. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபியரன் 1995இல் எழுதிய கட்டுரை. நாற்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவர் கேள்வியைத் தலைகீழாகப் போடுகிறார். எதற்காகச் சண்டை என்று எல்லோரும் கேட்கிறார்கள்; பேசித் தீர்க்க ஏன் முடியவில்லை என்று கேளுங்கள் என்கிறார்.

பத்து ஏக்கர் நஞ்சைக்கு அண்ணன் தம்பி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வெல்லும் வாய்ப்பு ஆளுக்குச் சரிபாதி. வழக்குச் செலவு ஆளுக்கு ஒரு ஏக்கர் விலை. வழக்காடினால் சராசரியாக ஆளுக்கு மிஞ்சுவது நான்கு ஏக்கர். அப்படியானால் நான்குக்கும் ஆறுக்கும் இடையில் எப்படிப் பிரித்தாலும் இருவருக்கும் வழக்கைவிட லாபம்தான். போர் இதைவிடச் செலவான வழக்கு. எனவே போரைவிட இரு தரப்புக்கும் நல்லதான ஒரு பிரிப்பு எப்போதும் எங்கோ இருக்கிறது. இருந்தும் மூண்டால், பேரம் ஏதோ ஓரிடத்தில் முறிந்திருக்கிறது. எங்கே என்று பார்ப்பதுதான் இந்தப் பேரக் கோட்பாடு.

முறியும் முதல் இடம், எதிராளியின் பலம் தெரியாதது. தெரியாதது மட்டுமல்ல, தெரிவிக்கும் சொல்லை நம்ப முடியாதது. மாட்டுத்தாவணி என்ற பெயரை இன்று பஸ் நிலையமாகத்தான் அறிகிறோம். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு கேட்டான், எவ்வளவு கொடுத்தான் என்று தெரியாது. நாடுகளும் துண்டுக்கு அடியில்தான் பேசுகின்றன. எவ்வளவு வரை தாங்குவேன் என்பதை யாரும் உள்ளபடி சொல்வதில்லை, கூட்டித்தான் சொல்வார்கள். எல்லோரும் கூட்டிச் சொல்வது எல்லோருக்கும் தெரியும் என்பதால், உண்மையைச் சொல்பவனையும் யாரும் நம்புவதில்லை.

இதை ஔவையாரைவிடத் தெளிவாகக் காட்டியவர் எவரும் இல்லை என்பது என் கட்சி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அதுவே அவனுடைய பேரம். ஔவை பார்த்தார். இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல் இகழ்ந்தார் என்று பள்ளியில் நானே முப்பது வருடம் அணி இலக்கணமாக நடத்தினேன். இப்போது படித்தால் அது உளவுத் தகவல். பளபளப்பை யாரும் காட்டலாம், செலவில்லை. முறிந்த நுனியைப் பொய்யாகக் காட்ட முடியாது. அதற்கு உண்மையிலேயே போரிட்டிருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய அடையாளம்தான் நம்பத் தகுந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சமன்பாடு போட்டு எழுதுவதைக் கிழவி ஒன்பது அடியில் முடித்துவிட்டாள் என்றேன். அடிக்கணக்கு சரிதானா என்று தமிழாசிரியை உடனே எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி 1973இல் இதே எண்ணத்தை வேறு வழியில் வந்து சேர்ந்தார்: யார் பலசாலி என்பதில் இருவரும் வேறுபடும்போது போர் தொடங்குகிறது, அதில் உடன்படும்போது முடிகிறது. போர் ஒரு தராசு என்றாகிறது. தலையாலங்கானம் அப்படித்தான். பாண்டியன் நெடுஞ்செழியன் சிறு வயதில் அரியணை ஏறினான், இளையவன் என்று எள்ளி, இரு வேந்தரும் ஐந்து வேளிரும் சேர்ந்து வந்தார்கள், எழுவரும் தோற்றார்கள். 1965உம் அப்படித்தான். 1962இன் தோல்வி, 1964 மே மாதத்தில் நேரு மறைவு, சாஸ்திரி மென்மையானவர் என்ற கணிப்பு, 1965 ஏப்ரலில் கட்ச் பாலைவன மோதல் தந்த தெம்பு. ஆகஸ்டில் பாகிஸ்தான் காஷ்மீருக்குள் ஆட்களை அனுப்பியது. செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை பஞ்சாப் எல்லையைக் கடந்து லாகூரை நோக்கி நகர்ந்தது. பதினேழு நாளில் போர்நிறுத்தம். 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்ட் ஒப்பந்தம். கணிப்புப் பிழையால் மூண்ட போர், கணிப்பு திருந்தியதும் நிற்கிறது. 2025 மே மாதத்தின் நான்கு நாளையும் இந்தக் கண்ணாடி வழியே பார்க்கலாம்: இரு தரப்பும் ஏவுகணையாலும் டிரோனாலும் ஒருவரையொருவர் அளந்து பார்த்தன, அளந்ததோடு நின்றன.

முறியும் இரண்டாவது இடம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் நிற்காத போர்கள் அங்கே இருக்கின்றன. பலம் தெளிவாகத் தெரிந்தாலும், இன்று போட்ட ஒப்பந்தத்தை நாளை அவன் மதிப்பான் என்பதற்கு யார் ஜாமீன்? வளர்ந்துவரும் எதிரியிடம் இது கூர்மையாகிவிடும். கிமு 431இல் தொடங்கிய போருக்கு ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் எழுப்பிய அச்சமுமே காரணம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதினார். 1914இல் ஜெர்மானியத் தளபதிகள், ரஷ்யாவின் படைப்பெருக்கம் 1917 வாக்கில் முடிந்துவிடும், அதன் பிறகு தங்களால் முடியாது என்று அஞ்சினார்கள். சாராயேவோவில் ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட குண்டு, செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பீரங்கியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அந்தக் கப்பல் நமக்கு ஒரு சொல்லையும் விட்டுச் சென்றது. இன்றும் சாமர்த்தியக்காரனை எம்டன் என்கிறோம்.

இந்த இடத்தில் தம்பி ஒரு குறும்பு செய்தான். தலையாலங்கானத்தையே திருப்பிப் போட்டான். எழுவரும் பாண்டியனை எளியவன் என்று நினைத்து வந்தார்களா, அல்லது இன்று இளையவன், பத்து வருடம் விட்டால் அடக்க முடியாது என்று பயந்து வந்தார்களா? முதலாவது கணிப்புப் பிழை. இரண்டாவது ஜாமீன் இல்லாத நிலை. பாட்டில் எள்ளல்தான் இருக்கிறது, அச்சம் இல்லை என்று தமிழாசிரியை அடித்துச் சொன்னார். பாட்டு வென்றவனுடைய வாய்மொழி அம்மா, தோற்றவர்களின் பயம் அதில் எப்படி வரும் என்று கேட்டான். மாடியில் அரை மணி நேரம் வேறு பேச்சில்லை. ஒரு கோட்பாடு நமக்குத் தெரிந்த பழைய போரைப் புதிதாகக் கேள்வி கேட்க வைத்தால், அதற்கு நேரம் கொடுக்கலாம் என்று அன்றே எனக்குப் பட்டுவிட்டது.

நிற்காத போருக்கு ஈரான் - இராக்கைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1975இல் அல்ஜியர்ஸில் எல்லை ஒப்பந்தம். 1980 செப்டம்பரில் சதாம் உசேன் அதை ரத்து செய்தார். 22ஆம் தேதி படையெடுத்தார். புரட்சிக்குப் பின் ஈரான் சிதறிக் கிடக்கிறது என்ற கணிப்பு. 1982 மே மாதத்தில் ஈரான் கோர்ரம்ஷாரை மீட்டது. இராக் பின்வாங்கிப் போர்நிறுத்தம் கேட்டது. பிளெய்னியின் கணக்குப்படி அங்கே முடிந்திருக்க வேண்டும், தராசு சொல்லிவிட்டதே. முடியவில்லை, இன்னும் ஆறு வருடம் ஓடியது. ஒரு ஒப்பந்தத்தைக் கிழித்தவன் போடும் அடுத்த கையெழுத்துக்கு என்ன மதிப்பு? சதாம் இருக்கும்வரை அமைதி இல்லை என்று ஈரான் முடிவெடுத்தது. பல லட்சம் உயிர் போன பின், ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 598ஆம் போர்நிறுத்தத் தீர்மானத்தை 1988 ஜூலையில் ஈரானின் தலைவர் கொமேனி ஏற்றார். நஞ்சு குடிப்பதைப் போன்றது என்று சொல்லிக்கொண்டே ஏற்றார். தகவல் குறையால் மூண்ட போர், நம்பிக்கைக் குறையால் நீண்டது. மூண்ட காரணமும் நீண்ட காரணமும் வேறாக இருக்கலாம் என்பதை மற்ற மூன்று கோட்பாடுகளில் எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

பங்கு போட முடியாத பொருள் (புனித நகரம், அரியணை) என்று மூன்றாவதாக ஒன்றும் ஃபியரன் சொல்கிறார். அவருக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

பேரக் கோட்பாடு எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்று எண்ணி நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொரியா இருக்கிறதே. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய போர், 1951 கோடைக்குள் ஏறத்தாழ இப்போதுள்ள கோட்டுக்கு அருகே வந்து நின்றுவிட்டது. அந்த ஜூலையிலேயே பேச்சுவார்த்தை தொடங்கியது. இரு தரப்பின் பலமும் தெரிந்தாயிற்று. இருந்தும் 1953 ஜூலை 27 வரை இரண்டு வருடம் சாவு. வெளியே தெரிந்த முட்டுக்கட்டை, ஊர் திரும்ப விரும்பாத போர்க் கைதிகளைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அனுப்புவதா என்பது. (அந்தக் கைதிகளைக் கடைசியில் கவனித்துக்கொண்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு நம் தளபதி திம்மையா தலைவராக இருந்தார்.) கைதிகள் மட்டும்தான் காரணமா? 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். முட்டுக்கட்டை இளகத் தொடங்கியது. போர் நீள்வதால் மாஸ்கோவுக்குப் பெரிய நட்டம் இல்லை. நட்டம் கொரியர்களுக்கும் சீனர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும். முடிவெடுப்பவர் வேறு, விலை கொடுப்பவர் வேறு.

பேரக் கோட்பாட்டின் ஓட்டை இதுதான். நாட்டை அது ஓர் ஆளாகப் பார்க்கிறது. அண்ணன் தம்பி வழக்கில் அண்ணனின் வக்கீலுக்கு வழக்கு நீள்வதுதான் வருமானம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. தோழர் இங்கே மறுபடி உள்ளே வருகிறார், இந்த முறை வலுவாக. தோற்றால் பதவியோடு தலையும் போகும் என்று அஞ்சும் ஆட்சியாளர், சிறிதாகத் தோற்பதைவிடப் பெரிய வெற்றிக்குச் சூதாடுவதையே விரும்புவார் என்று அரசியல் அறிவியலாளர் ஹைன் கூமன்ஸ் முதல் உலகப் போரை வைத்துக் காட்டினார். நாட்டை வைத்துத் தோற்று, தம்பியரை வைத்துத் தோற்று, அடுத்த காயை எடுத்த தருமனை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1982இல் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி, தெருவில் மக்கள் எதிர்த்துத் திரண்ட சில நாட்களில், ஏப்ரல் 2 அன்று பிரிட்டன் வசமிருந்த பாக்லாந்து தீவுகளில் இறங்கியது. ஜூன் 14 அன்று தோற்றது. ஆட்சித் தலைவராக இருந்த தளபதி கால்டியேரி சில நாட்களிலேயே வீட்டுக்குப் போனார். தோழரின் கோட்பாட்டில் முதலாளிகளின் இடத்தில் பதவியில் இருப்பவர்களின் பயத்தை வைத்தால், எனக்கு மறுப்பு இல்லை.

எனவே முடிவைச் சொல்லிவிட்டேன். முதுகெலும்பு, தம்பி கொண்டு வந்த பேரக் கோட்பாடு. மனித இயல்பை எடுத்தால் ஆறு வாரமும் பெருமூச்சில் போகும். அச்சத்தை மட்டும் எடுத்தால் மூண்டது புரியும், நின்றது புரியாது. தோழரின் கட்சியை முழுதாக எடுத்தால் உசூரி ஆற்றங்கரையில் மாட்டிக்கொள்வோம். முதல் ஞாயிறு ஔவையும் துண்டுக்கு அடியில் பேரமும். இரண்டாவது தலையாலங்கானமும் 1965உம், தம்பியின் இரண்டு வாசிப்போடும். மூன்றாவதில் ஸ்பார்ட்டாவும் 1914உம். ஈரான் - இராக்குக்கு நான்காவது முழுதாக. அதை நானே நடத்துகிறேன். ஐந்தாவது கொரியா, அதைத் தோழரிடம் கொடுத்திருக்கிறேன், கோட்பாட்டைக் குத்திக் கிழிக்கும் உரிமையோடு. ஃபியரனின் கட்டுரையைப் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கமாகத் தம்பி எழுதித் தருவான். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தொடங்கிவிட்டான் என்று கேள்வி.

ஆறாவதில்தான் சிக்கல். 1962ஐ வைத்து அச்சத்துக்கு உரிய இடத்தை வாங்கித் தருவேன் என்று ஹவில்தார் அண்ணன் நிற்கிறார். மூக்கறு போரை வைத்து, கணக்குக்குள் வராத வஞ்சத்தைப் பற்றிப் பேசியே தீருவேன் என்று தமிழாசிரியை நிற்கிறார். இருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பேரக் கோட்பாட்டுக்கு இரண்டுமே சரியான இடி. ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் சம்மதித்தார்கள். யார் முதலில் பேசுவது என்றுதான் இன்னும் ஒத்துவரவில்லை.